ஜெயிக்கிற அணிக்கு அழுகிற ரசிகர்கள்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகன் அவநம்பிக்கையோடு இருந்தால் அதில் ஆராய்ச்சி பண்ண ஒன்றுமில்லை. ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகன், முதல் இடத்தில் இருக்கும்போதே, "எப்படியும் கவுத்துடுவானுங்க" என்று சொன்னால்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கத் தோன்றுகிறது. இந்த வியாதிக்கு உலகத்திலேயே பேர்போன ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். அணி, ரெட் சாக்ஸ். ஆட்டம், பேஸ்பால்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு சீசனில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் முடிய, கிட்டத்தட்ட தினமும். நூறு ஆட்டம் ஜெயித்தால் அது மிகச் சிறந்த அணி. அதாவது மிகச் சிறந்த அணியும் அறுபத்திச் சொச்சம் ஆட்டத்தில் தோற்கும். சராசரியாக ஐந்து நாளுக்கு இரண்டு நாள் தோல்வி. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

1978-ல் இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் ஜூலை 19 அன்று ரெட் சாக்ஸ் 62 ஆட்டம் ஜெயித்து 28 தோற்றிருந்தது. அவர்களுடைய பரம வைரியான நியூயார்க் யாங்கீஸ் 48-42. இடைவெளி 14 ஆட்டம். யாங்கீஸில் மேனேஜர் பில்லி மார்ட்டினுக்கும் முதலாளிக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தினம் ஒரு சண்டை. அடுத்த வாரமே மார்ட்டின் அழுதுகொண்டே ராஜினாமா செய்தார். பாஸ்டனில் ஜிம் ரைஸ் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார் (46 ஹோம் ரன்னோடு முடித்தார், அந்த வருஷத்து சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்). ஆட்டம் முடிஞ்சு போச்சு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அங்கிருந்து ரெட் சாக்ஸ் 37 ஜெயித்து 36 தோற்றது. யாங்கீஸ் 52 ஜெயித்து 21 தோற்றது.

செப்டம்பர் 7 முதல் 10 வரை யாங்கீஸ் பாஸ்டனுக்கே வந்து நான்கு நாள் ஆடியது. வரும்போது நான்கு ஆட்டம் பின்தங்கி இருந்தார்கள். முடிவுகள்: 15-3, 13-2, 7-0, 7-4. நான்கும் யாங்கீஸ். கூட்டினால் 42-க்கு 9. 'பாஸ்டன் படுகொலை' என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். 1770-ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதே ஊரில் சுட்ட சம்பவத்தின் பேர் அது. விளையாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு அளவுகோல் என்று ஒன்று எப்பவுமே கிடையாது.

இதில் கிரகம், சாபம் எதுவும் தேவையில்லை, காரணங்கள் கண்ணுக்கு முன்னாடியே இருக்கின்றன. மூன்றாம் பேஸில் நின்ற புட்ச் ஹாப்சனுக்கு முழங்கையில் எலும்புச் சில்லுகள் கழன்று கிடந்தன. பந்தை எறிய முடியாமல் எறிந்து அந்த வருஷம் 43 பிழை செய்தார். மேனேஜர் டான் ஸிம்மர் அவரை உட்கார வைக்கவே இல்லை; செப்டம்பர் கடைசியில் ஹாப்சனே கேட்டுக்கொண்ட பிறகுதான் மாற்றினார். பில் லீ என்ற அனுபவமுள்ள பிட்ச்சருக்கும் ஸிம்மருக்கும் ஆகாது. அந்த நான்காவது நாள் ஆட்டத்தில் லீக்குப் பதிலாக பாபி ஸ்ப்ரோல் என்ற புதுப் பையனை இறக்கினார். முதல் இன்னிங்ஸையே அந்தப் பையனால் முடிக்க முடியவில்லை. சுருக்கமாகச் சொன்னால் சோர்ந்துபோன அணி, பிடிவாதக்கார மேனேஜர்.

ஆனால் பலரும் தாண்டிப்போகும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்றரை ஆட்டம் பின்னாடி போய்விட்ட அதே அணி கடைசி 14 ஆட்டத்தில் 12 ஜெயித்தது. கடைசி எட்டு வரிசையாக. அக்டோபர் 1, சீசனின் கடைசி நாளில் யாங்கீஸ் கிளீவ்லாண்டிடம் தோற்க, ரெட் சாக்ஸ் டொராண்டோவை ஜெயிக்க, இரண்டும் 99-63 என்று சமம். மறுநாள் பாஸ்டனிலேயே ஒற்றை ஆட்டத்தில் தீர்ப்பு. கவிழ்ந்த கப்பலை நீந்திப்போய் நிமிர்த்திக் கரைக்குக் கொண்டுவந்த அணி இது. இதை 'சரிவு' என்று மட்டும் எழுதுவது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்டோபர் 2. ஏழாவது இன்னிங்ஸ் வரை ரெட் சாக்ஸ் 2-0 முன்னணி. இரண்டு பேர் பேஸில் இருக்க, பக்கி டென்ட் ஆட வந்தார். மட்டையாளராக யாரும் அவரைப் பெரிதாக மதித்ததில்லை. சீசன் முழுக்க அடித்தது நான்கே ஹோம் ரன். ஒரு பந்தைக் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினார். சிகிச்சைக்கு நேரம் போனது. அந்த இடைவெளியில் மட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த பந்து, இடது பக்கத்தில் 37 அடி உயரத்துக்கு நிற்கிற பச்சைச் சுவரைத் தாண்டி மேலே இருந்த வலையில் விழுந்தது. வேறு பல மைதானங்களில் அது சுலபமான கேட்ச். போட்டவர் மைக் டோரஸ், முந்தின வருஷம் யாங்கீஸுக்காக இறுதித் தொடரில் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். இறுதியில் 5-4. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில், இரண்டு அவுட். ஊரே கொண்டாடிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி பந்தை உயரே தூக்கினார், மூன்றாம் பேஸ்காரர் பிடித்தார். முடிஞ்சது.

அன்றைய விதிப்படி ஒரு பிரிவில் ஒரே ஒரு அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். 99 ஆட்டம் ஜெயித்த ரெட் சாக்ஸ் வீட்டுக்குப் போனது. பக்கத்துப் பிரிவில் 92 ஜெயித்த கான்சாஸ் சிட்டி உள்ளே போனது.

நான் தொழிலால் மென்பொருள்காரன், அதனால் கை அரிக்கிறது. ஒரு நல்ல அணி, அதாவது நூற்றுக்கு அறுபது ஜெயிக்கும் அணி, 73 ஆட்டத்தில் சராசரியாக 44 ஜெயிக்கணும். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே நாலு ஆட்டம் அப்படி இப்படிப் போவது சர்வ சாதாரணம். 37-க்குக் கீழோ 37-லேயோ நிற்பது ஏறக்குறைய பதினைந்து தடவைக்கு ஒரு தடவை நடக்கும். கெட்ட காலம்தான். ஆனால் சாபம் என்று பேர் வைக்கும் அளவுக்கு அரிதான சமாச்சாரம் இல்லை.

சரி, அவநம்பிக்கை எப்போது பிறந்தது? இங்கேதான் எனக்கு சுவாரசியம். 1918-ல் ரெட் சாக்ஸ் கோப்பை வாங்கியது. அதுவரை ஐந்து கோப்பை. பிறகு 1919 டிசம்பர் கடைசியில் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்றார். கூடவே மைதானத்தின் பேரில் மூன்று லட்சம் டாலர் கடன் ஏற்பாடு. அதற்குப் பிறகு 86 வருஷம் கோப்பை இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை இது. கதைப்படி பார்த்தால் 1920-களிலேயே ஊர் மாரடித்துக்கொண்டிருக்க வேண்டும். 1932-ல் அந்த அணி 43 ஜெயித்து 111 தோற்றது. அப்போது சாபம் என்று யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. மோசமான அணி மோசமாக ஆடியது, அவ்வளவுதான்.

1965-ஐப் பாருங்கள். நூறு தோல்வி. செப்டம்பர் 16 அன்று டேவ் மோர்ஹெட் என்ற பிட்ச்சர், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். பேஸ்பாலில் அபூர்வமான சாதனை. பார்க்க வந்திருந்தவர்கள் 1,247 பேர். ஊரில் அவநம்பிக்கைவாதிகளே இல்லை, ஏன்னா ரசிகர்களே இல்லை.

1967-ல் முந்தின வருஷம் பத்து அணியில் ஒன்பதாவதாக வந்த கூட்டம் திடீரென்று லீகையே ஜெயித்தது. மைதானத்துக்கு வந்தவர்கள் எட்டு லட்சத்திலிருந்து பதினேழு லட்சமானார்கள். அந்த வருஷத்திலிருந்து 1982 வரை பதினாறு சீசனிலும் ரெட் சாக்ஸ் தோல்வியைவிட வெற்றி அதிகமாகத்தான் பெற்றது. பாஸ்டன்காரனின் புகழ்பெற்ற சோகம் ஊறிப் பக்குவமானது இந்தப் பதினாறு வருஷத்தில்தான். அதாவது, ஜெயித்த காலத்தில். அவநம்பிக்கைக்குக் கச்சாப்பொருளே நம்பிக்கைதான். கையில் ஒன்றும் இல்லாதவனுக்குத் திருட்டு பயம் ஏது?

மாசசூசெட்ஸில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது கூட இருந்த ஒரு பெரியவர் இதற்கு நடமாடும் உதாரணம். அணி முதல் இடத்தில் இருக்கும்போதுதான் அவர் முகம் வாடும். நான்காவது இடத்துக்குப் போய்விட்டால் மனுஷன் உற்சாகமாகத் தோட்ட வேலை பற்றிப் பேசுவார்.

'பேம்பினோவின் சாபம்' என்ற சொல்லின் வயசையும் பார்க்க வேண்டும். பேம்பினோ என்பது ரூத்தின் செல்லப்பெயர். 1986 தோல்விக்குப் பிறகு நியூயார்க் பத்திரிகையில் ஜார்ஜ் வெஸி ரூத்தின் சாபம் என்று எழுதினார். 1990-ல் பாஸ்டன் பத்திரிகையாளர் டான் ஷாக்னஸி அந்தப் பெயரிலேயே புத்தகம் போட்டார். அதற்குப் பிறகுதான் அது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி ஆனது. எழுபது வருஷப் பழைய சாபத்துக்கு வயசு என்னவோ பத்துப் பதினைந்துதான். பழைய தோல்விகளை எல்லாம் பின்னாலிருந்து ஒரே நூலில் கோர்த்தார்கள். 1946, 1967, 1975, 1986: நான்கு இறுதித் தொடர், நான்கும் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோல்வி. கோர்த்துப் பார்த்தால் பயங்கரமாகத்தான் இருக்கும். ஏழாவது ஆட்டத்தை ஒரு நாணயச் சுண்டல் என்று வைத்துக்கொண்டால், நான்கையும் தோற்க வாய்ப்பு பதினாறில் ஒன்று. இந்தப் பதினாறையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்க்கும்போது எதை விட்டார்கள் என்பது இன்னும் முக்கியம். 1945 ஏப்ரல் 16, ஜாக்கி ராபின்சன் உட்பட மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் அதே மைதானத்தில் தகுதிச் சோதனைக்கு வந்தார்கள். அதுவும் ஒரு நகரசபை உறுப்பினர் நெருக்கடி கொடுத்ததால் நடந்த கண்துடைப்பு. பிறகு ஒரு தகவலும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ராபின்சன் புரூக்ளினில் ஆடி வரலாற்றையே மாற்றினார். வில்லி மேஸையும் கைக்கு எட்டும் தூரத்தில் பார்த்துவிட்டு விட்டார்கள். ரெட் சாக்ஸில் முதல் கறுப்பினத்தவர், பம்ப்ஸி கிரீன், ஆடியது 1959 ஜூலையில். பெரிய லீகில் அன்றிருந்த பதினாறு அணிகளில் கடைசி அணி இதுதான். ராபின்சனும் மேஸும் ஒரே வரிசையில் டெட் வில்லியம்ஸோடு ஆடியிருந்தால் எத்தனை கோப்பை வந்திருக்கும்? ஒரு செத்துப்போன ஆட்டக்காரரின் ஆவிமேல் பழி போடுவது சுலபம், சுவையும்கூட. முதலாளியின் அலுவலகத்தில் எடுத்த முடிவுகளைப் பற்றிப் பேசுவது அப்படி இல்லை. 'எல்லாம் விதி' என்கிற சோகம் யாருக்கு வசதி என்று கேட்டால், பெரும்பாலும் முடிவெடுத்தவனுக்குத்தான்.

இனி 1986. அக்டோபர் 25, இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக. பத்தாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-3 முன்னணி. இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. இன்னும் ஒரு அவுட் எடுத்தால் கோப்பை. மைதானத்து ஸ்கோர் போர்டிலேயே ரெட் சாக்ஸுக்கு வாழ்த்து ஒரு கணம் மின்னி மறைந்தது. அப்புறம் வரிசையாக மூன்று ஹிட். பாப் ஸ்டான்லி போட்ட ஒரு பந்து தறிகெட்டுப் போய், 5-5. அதற்கும் பிறகுதான் மூக்கி வில்சன் உருட்டிவிட்ட அந்தப் பந்து பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போனது.

வரிசையைக் கவனியுங்கள். பக்னரிடம் பந்து வரும்போதே ஆட்டம் சமமாகிவிட்டது. அவர் பிடித்திருந்தாலும் கோப்பை வந்திருக்காது, ஆட்டம் தொடர்ந்திருக்கும். அது ஆறாவது ஆட்டம்தான்; ஏழாவதிலும் ரெட் சாக்ஸ் 3-0 என்று முன்னணி எடுத்து 8-5 என்று தோற்றது. இருந்தும் அடுத்த இருபது வருஷம் ஊர் நினைவில் இருந்தது ஒரு மனுஷனின் இரண்டு கணுக்கால். நொந்துபோன கால்கள் அவை. அந்த சீசனில் 102 ரன் அடித்துச் சேர்த்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. கடைசியில் அவர் குடும்பத்தோடு ஐடஹோவுக்குக் குடிபோய்விட்டார்.

இதே அணி இரண்டு வாரம் முன்னாடி எங்கே இருந்தது தெரியுமா? அக்டோபர் 12, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக, தொடரில் 1-3 பின்னடைவு, ஒன்பதாவது இன்னிங்ஸில் 2-5. டான் பேய்லர் இரண்டு ரன் எடுத்துக் கொடுத்தார். பிறகு டேவ் ஹெண்டர்சன், இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்ட நிலையில், ஏஞ்சல்ஸின் முதல் லீக் பட்டத்துக்கு ஒரே ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது ஹோம் ரன் அடித்தார். அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் ரெட் சாக்ஸ் ஜெயித்தது. அதாவது அந்த இறுதித் தொடருக்கு அவர்கள் போனதே ஓர் அதிசயத்தால். பாஸ்டனின் சோகப் பட்டியலில் பக்னர் உண்டு, ஹெண்டர்சன் ஒரு அடிக்குறிப்பு. ஹெண்டர்சனுக்குப் பந்து போட்ட டானி மோர், 1989-ல் மனைவியைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். ஒரு பந்துதான் காரணம் என்று சொன்னால் அது பொய். காயம், வேலையிழப்பு, வீட்டுப் பிரச்சினை எல்லாம் இருந்தது. ஆனால் அந்தப் பந்து வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் அவர்மேல் எறியப்பட்டது என்பதும் உண்மை.

1976-ல் ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைக் கவனித்தார்கள். சனிக்கிழமை கல்லூரி அணி ஜெயித்தால், திங்கட்கிழமை கல்லூரிச் சட்டை போட்டு வருபவர்கள் அதிகம். பேச்சிலும், ஜெயித்தால் 'நாம ஜெயிச்சோம்', தோற்றால் 'அவங்க தோத்துட்டாங்க'. படிக்கும்போது சிரிப்பு வரும், நாமும் அப்படித்தானே. பாஸ்டனில் மட்டும் இது தலைகீழ் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தோல்விதான் 'நம்முடையது'. அப்பா சொல்லிக் கொடுப்பார், தாத்தா சொன்னதையும் சேர்த்து. பியூரிட்டன் மதக்காரர்கள் 1630-ல் நிறுவிய ஊர், அந்த முன்விதி நம்பிக்கைதான் இதற்கு வேர் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. மைதானத்தை நிறைத்தவர்களில் பெரும்பகுதி ஐரிஷ், இத்தாலியக் கத்தோலிக்கர்கள். வேர் தேட மூன்று நூற்றாண்டு பின்னாடி போக வேண்டாம். வீட்டுக் கூடத்து ரேடியோ போதும்.

அவநம்பிக்கை சில சமயம் சரியாகவும் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். 2003 அக்டோபர் 16, யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 5-2 முன்னணி. பெட்ரோ மார்டினெஸ் களைத்துவிட்டார் என்று டிவி பார்த்தவனுக்கெல்லாம் தெரிந்தது. மேனேஜர் கிரேடி லிட்டில் மட்டும் அவரை எடுக்கவில்லை. 5-5 ஆகி, பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் ஹோம் ரன். அன்றைக்குக் கத்தியவர்கள் சாபம் பேசவில்லை, பிட்ச்சரை மாற்றச் சொன்னார்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்த வருஷம் அதே யாங்கீஸிடம் 0-3. மூன்றாவது ஆட்டம் 8-19. பெரிய லீக் வரலாற்றில் 0-3-லிருந்து தொடரை ஜெயித்தவர்கள் அதுவரை யாருமில்லை. நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரு ரன் பின்னடைவில், டேவ் ராபர்ட்ஸ் ஓடித் திருடிய அந்த இரண்டாம் பேஸ் மட்டும் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டீஸ். மறுநாள் பதினான்கு இன்னிங்ஸ், மறுபடி ஓர்டீஸ். நாலும் ஜெயித்தார்கள். நாணயம் சுண்டினால் நாலும் விழ வாய்ப்பு எவ்வளவு? பதினாறில் ஒன்று. ஏழாவது ஆட்டங்களில் வரிசையாகத் தோற்ற அதே பதினாறில் ஒன்று. முன்னதை 'விதி' என்றவர்கள் பின்னதை 'நடக்கவே நடக்காது' என்றார்கள்.

அக்டோபர் 27, செயின்ட் லூயிஸில், சந்திர கிரகணம் நடந்துகொண்டிருந்த இரவில் கோப்பை வந்தது. அடுத்த நாட்களில் பாஸ்டனைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டங்களில் ரெட் சாக்ஸ் கொடிகளும் தொப்பிகளும் முளைத்தன. பார்க்காமல் போய்ச் சேர்ந்த அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிவிட்டு வரப் போனார்கள். இத்தனை வருஷம் 'எங்கே ஜெயிக்கப் போறானுங்க' என்று சொன்ன அதே ஆட்கள்தான். உள்ளுக்குள் நம்பாதவன் கல்லறைக்குக் கொடி எடுத்துக்கொண்டு போகமாட்டான்.

2008 ஏப்ரல் 8, 2007-ன் கோப்பைக் கொடியை ஏற்றிய நாள். முதல் பந்து எறிய பில் பக்னரை அழைத்தார்கள். இடது பக்கச் சுவரிலிருந்து தனியாக நடந்து வந்தார். மொத்த மைதானமும் எழுந்து நின்று நிமிடக் கணக்கில் கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தைப் பிடித்தவர் 1986-ல் கூட ஆடிய ட்வைட் எவன்ஸ்.

அதன் பிறகு 2013, 2018 என்று இன்னும் இரண்டு கோப்பை. நடுவில் 2011 செப்டம்பரில் 7 ஜெயித்து 20 தோற்று, ஒன்பது ஆட்ட முன்னணியைக் கடைசி நாள் இரவில் கோட்டைவிட்டதும் உண்டு. 2020 பிப்ரவரியில், 2018-ன் சிறந்த ஆட்டக்காரரான மூக்கி பெட்ஸை சம்பளக் கணக்குப் பார்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். பேப் ரூத்தை விற்ற செய்தி வெளியாகி சரியாக நூறு வருஷம் ஒரு மாதம். பழைய பேச்சு மறுபடி கிளம்ப வேறென்ன வேணும்? அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸ் கோப்பையை வாங்கியது. கடைசி ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், பெட்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார்.